ஹெரால்டுக்கு ஒரு கதவு கைப்பிடி

நம்ம வீட்ல நிக்கிறது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், 1961-லருந்து மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, 948 சிசி. எஞ்சின் சாமான் கூட புதுப்பேட்டைல அலைஞ்சு திரிஞ்சா ஏதோ கிடைச்சிரும், ஆனா கதவு கைப்பிடி? ம்ஹூம். ஒரிஜினல் துத்தநாக டை காஸ்டிங் (இரும்பு அச்சுல அழுத்தி வார்த்தது), குரோம் உரிஞ்சு அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியா இருந்துச்சு, அது மேல திரும்ப பிளேட்டிங் பண்ணா குழி அப்படியேதான் தெரியும்.

சரி பித்தளைல வார்த்துடலாம்னு பழசையே பேட்டர்னா, அதாவது மணல்ல அச்சு எடுக்கற மாதிரி உருவா, ஃபவுண்டரில குடுத்தேன், அங்கதான் சொதப்பல். வந்த பீஸ் பாக்க அச்சு அசல் அதே மாதிரி, கதவுல வெச்சா ரெண்டாவது போல்ட் ஓட்டை சேரல. பித்தளை ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு சுமார் 1.5 மில்லி சுருங்கும், பாலிஷ் போடறப்ப இன்னும் கொஞ்சம் தேயும், அதனால பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெருசா இருக்கணும். மேஸ்திரிக்கு இது தெரியும். "நீங்க கேக்கலயே தம்பி"ன்னாரு. கரெக்ட்தான்.

அப்புறம் பழசை ஸ்கேன் பண்ணி, குழியெல்லாம் கம்ப்யூட்டர்லயே அடைச்சு, 1.5 சதவீதம் பெருசாக்கி, பாலிஷுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டி 3டி பிரிண்ட் எடுத்து, அதை வெச்சு மணல் அச்சு எடுத்தோம். இந்த தடவை போல்ட் வழுக்கிட்டு உள்ள போச்சு பாருங்க, அடடா! செம்பு, நிக்கல், குரோம்னு மூணு கோட் போட்டு மாட்டியாச்சு.

இப்ப இது மின்னுற மின்னல்ல எதிர்ப்பக்க கைப்பிடி பாக்கவே பாவமா இருக்கு, அதையும் கழட்டி வெச்சிருக்கேன்.