கிட் லென்ஸிலிருந்து ஒற்றை ஃபிளாஷ் வரை: மாணவர் பட்ஜெட்டில் போர்ட்ரெய்ட்

கையில் இருப்பது தொடக்கநிலை கேனன் டிஎஸ்எல்ஆர். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம், அதாவது கிட் லென்ஸ். இதை வைத்துக்கொண்டு ஆட்களைப் படம் பிடிப்பதில்தான் எனக்கு ஆசை. படிப்புச் செலவு போக மிஞ்சுவதைச் சேர்த்துத்தான் எதையும் வாங்க முடியும். அதனால் ஒவ்வொரு முறையும் கடைப்பக்கம் போவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டேன்: இப்போதைக்கு என் படங்களை எது கெடுக்கிறது? பதில் மாற மாற, வாங்கும் பொருளும் மாறியது.

முதல் வேலைக்குக் காசே ஆகவில்லை. பழைய படங்களை எல்லாம் கணினியில் போட்டு, ஒவ்வொன்றின் எக்ஸிஃப் தகவலையும் பார்த்தேன். எந்தக் குவியத் தூரம் (ஜூமை எவ்வளவு நெருக்கினேன் என்பதன் மி.மீ. அளவு), எந்த அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் திறப்பு), ஷட்டர் வேகம் என்ன, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) எவ்வளவு என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. முகங்களை எடுக்கும்போது பெரும்பாலும் 55 மி.மீ. முனையில்தான் நின்றிருக்கிறேன். அந்த முனையில் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது). வீட்டுக்குள் எடுத்தவற்றில் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/30 நொடி என்று வரிசையாக வந்தது. படம் மங்கலாக இருந்ததற்கு லென்ஸின் தரத்தைவிட, எதிரில் இருந்தவர் லேசாக அசைந்ததுதான் காரணம். இருபத்துநாலு மெகாபிக்சல் போதாது என்று ஒரு படம்கூடச் சொல்லவில்லை. கேமராவை மாற்றும் யோசனை அன்றே போய்விட்டது.

அடுத்து ஜன்னல். ஆளை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்துவதைவிடப் பக்கவாட்டில் நிறுத்தினால் முகத்துக்கு உருவம் கிடைக்கிறது. ஆனால் மறுபக்கக் கன்னம் இருண்டு போகும். அங்கே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை முகத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தேன். ஐந்து பரப்பு கொண்ட மடக்கு ரிஃப்ளெக்டர் ஒன்றும் நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வெளியே எடுத்துப் போக அது வசதி, அறைக்குள் தெர்மாகோலே போதும். தங்க நிறப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி இருந்தது. பலகையின் இன்னொரு பக்கம் கறுப்புத் தாள் ஒட்டியதுதான் நல்ல பலன் தந்தது. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி முகம் தட்டையாகிவிடும். நிழல் விழ வேண்டிய பக்கத்தில் கறுப்பை வைத்தால் அந்தத் திரும்பும் வெளிச்சம் நிற்கிறது, தாடை எலும்பின் கோடு தெரிய ஆரம்பிக்கிறது.

அப்புறம்தான் லென்ஸ். கேனன் 50 மி.மீ. எஃப் 1.8, செகண்ட் ஹேண்ட். இதில் இரண்டு தலைமுறை சந்தையில் கலந்து கிடக்கிறது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு மவுண்ட் (கேமராவில் பூட்டும் வளையம்) பிளாஸ்டிக், அப்பர்ச்சர் இதழ்கள் ஐந்து. அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடி எடுத்தாலே பின்னணியில் தெரியும் விளக்குகள் ஐங்கோணமாகிவிடும். 2015-இல் வந்த எஸ்டிஎம் பதிப்புக்கு உலோக மவுண்ட், ஏழு இதழ்கள், 35 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால் எஸ்டிஎம்தான் என் தேர்வு.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: லென்ஸைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் மட்டும் போதாது, கேமராவில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையம் மின்சாரம் வந்தால்தான் வேலை செய்யும். அப்பர்ச்சரும் மின்னணுக் கட்டுப்பாடு. கழற்றி வைத்திருக்கும்போது அது முழுதாகத் திறந்தே இருக்கும், இதழ்கள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று தெரியாது. நான் பார்த்த ஒரு லென்ஸ் வெளியே புத்தம் புதிதாக மின்னியது. பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சை அடித்தால் உள்ளே சிலந்தி நூல் போல ஃபங்கஸ் (பூஞ்சை). வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றின் மோட்டார், அருகிலிருந்து தொலைவுக்குப் போகும்போது நடுவில் திணறியது. இந்த லென்ஸின் முன் குழல் ஃபோகஸ் ஆகும்போது வெளியே நீளும். நீண்ட நிலையில் இடிபட்டால் அடி நேராக உள்ளே இருக்கும் இயக்கத்துக்குப் போகும். அதனால்தான் கேமராவை அணைக்கும் முன் குழலை உள்ளே இழுக்க வைத்துவிட்டு அணைப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்ததை வாங்கினேன். அச்சடித்த தாள் ஒன்றைச் சாய்த்து வைத்து, நடு வரியில் ஃபோகஸ் செய்து, வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஒரு படம். இரண்டிலும் அதே வரி கூர்மையாக வந்தால் சரி. தொடக்கநிலை கேமராக்களில் ஃபோகஸ் பிழையைச் சரிசெய்யும் நுண்திருத்த வசதி பொதுவாக இருக்காது என்பதால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது.

எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்கு வந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்ததை 400-க்கும் கீழே எடுக்கலாம், அல்லது ஷட்டரை 1/200 வரை ஏற்றிக்கொள்ளலாம். காகிதத்தில் பிரமாதம். படம் எடுக்கும்போதுதான் மறுபக்கம் தெரிகிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை எஃப் 1.8-இல் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர்தான். முகம் லேசாகத் திரும்பினால் ஒரு கண் கூர்மை, மற்றது கரைந்துவிடும். நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்து அப்புறம் கேமராவை நகர்த்திச் சட்டகம் அமைக்கும் வழக்கமும் இங்கே ஆகாது. கண்ணுக்கு அருகே உள்ள புள்ளியையே தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப் 2.8-க்கு வந்தால் ஆழம் பத்து சென்டிமீட்டரை எட்டுகிறது, பின்னணியும் போதுமான அளவு கரைகிறது. என் நல்ல படங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. எஃப் 1.8 எதற்கு என்றால், வெளிச்சம் போன நேரத்துக்கு.

இடையில் ஒரு ஹீலியோஸ் 44-2 கொஞ்ச நாள் கையில் இருந்தது. 58 மி.மீ. எஃப் 2, சோவியத் தயாரிப்பு, எம்42 திருகு மவுண்ட். கேனன் டிஎஸ்எல்ஆரில் உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத மெல்லிய அடாப்டர் போட்டாலே முடிவிலி வரை ஃபோகஸ் ஆகும். நிக்கான் எஃப் மவுண்டில் ஆகாது, ஏனென்றால் அங்கே சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையிலான தூரம் அதிகம். பின்னணி இலைகள் சுழல்வது போலத் தெரியும் அந்த அழகு உண்மைதான், ஆனால் சென்சார் சிறிதாக இருப்பதால் ஓரத்துச் சுழற்சி பாதி வெட்டுப்பட்டுவிடுகிறது. கையால் ஃபோகஸ் செய்யும் பொறுமை என் எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி ஃபிளாஷ். என் படங்களில் பெரிய மாற்றம் இதில்தான் வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வாங்கியது கோடாக்ஸ் டிடி600. தானாக அளவிடும் டிடிஎல் வசதி கிடையாது, எல்லாம் கையால் அமைப்பது. முழு சக்தியிலிருந்து 1/128 வரை குறைக்கலாம், ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. டிரிகர் (கேமராவிலிருந்து ரேடியோ சைகை அனுப்பும் கருவி) வாங்கக் காசு சேரும் வரை கேமராவின் உள்ஃபிளாஷை வைத்தே இதைத் தூண்டினேன்: ஃபிளாஷை எஸ்2 நிலையில் வைத்தால், கேமரா வெளிச்சத்தை அளவிட முதலில் அடிக்கும் மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு மட்டும் வெடிக்கும். உள்ஃபிளாஷின் ஒளி நேராக முகத்தில் விழாமல் ஒரு வெள்ளை அட்டையால் கூரைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்குள் இது நன்றாகவே ஓடும், வெயிலில் கைவிட்டுவிடும்.

கூடவே ஒரு ஸ்டாண்ட், குடை மாட்டும் பிடி, ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்க 33 அங்குல வெள்ளைக் குடை. ஸ்டாண்ட் மெலிதானது என்பதால் காலில் தண்ணீர் நிறைத்த பாட்டில்களைப் பையில் போட்டுத் தொங்கவிடுகிறேன். பேட்டரிக்கு ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள். வோல்ட் குறைவாக எழுதியிருந்தாலும் சாதாரண ஆல்கலைன் செல்லைவிட ஃபிளாஷை வேகமாக அடுத்த மின்னலுக்குத் தயார் செய்கின்றன.

அமைப்பது இப்படி. ஷட்டர் 1/200, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம்: முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் அறையின் மஞ்சள் விளக்கு படத்தில் கலக்காது, தோல் நிறம் தப்பிக்கும். பிறகு ஃபிளாஷை 1/16-இல் தொடங்கி ஏற்றி இறக்கிக்கொள்வேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், எஃப் 5.6. அதாவது, போதாது என்று நான் ஒதுக்கி வைத்த கிட் லென்ஸின் அதே எண். வெளிச்சம் என் கைக்கு வந்ததும் அந்த லென்ஸ் மறுபடி பைக்குள் வந்துவிட்டது. எஃப் 8-இல் அதையும் 50-ஐயும் பக்கத்தில் வைத்து, எது எதில் எடுத்தது என்று அறைத்தோழனிடம் கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை பின்னணியில். ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே பயன்படுகிறது. குடை முகத்திலிருந்து ஒரு மீட்டர், சுவர் குடையிலிருந்து மூன்று மீட்டர் என்றால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர் கருஞ்சாம்பல் ஆகிவிடுகிறது. குடையையும் ஆளையும் சுவர்ப் பக்கம் தள்ளினால் அதே சுவர் வெளுக்கிறது. பின்னணித் திரை என்று தனியாக எதுவும் இதுவரை வாங்கவில்லை.

பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து நேராகக் கேமராவில் சொருகிவிட வேண்டாம். அவற்றில் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும், இன்றைய கேமராவின் சர்க்யூட் தாங்காமல் போகலாம்.

மென்பொருளுக்குச் செலவு இல்லை. ரா கோப்பாக (சென்சார் பதிந்தபடியே, சுருக்காத கோப்பு) எடுத்து டார்க்டேபிளில் திருத்துகிறேன், பரு மறைப்பதற்கு மட்டும் கிம்ப்.

85 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்லிப் பலரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சென்சாரில் ஓர் ஆளின் முழு உருவத்தை எடுக்க 50 மி.மீ.-க்கே நாலரை மீட்டர் வேண்டும், 85-க்கு ஏழரை மீட்டர். அறை அவ்வளவு நீளம் இல்லை. முகம் மட்டும் எடுக்க இரண்டரை மீட்டரில் சமாளிக்கலாம், ஆனால் அதற்கு 50-உம் காலை ஓர் எட்டு முன்னால் வைப்பதுமே போதுமாக இருக்கிறது. மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணைத் தானாகத் தேடிப்பிடிக்கும் ஃபோகஸைப் பார்த்தால் மட்டும் பொறாமை வருகிறது. அது வரும் காலத்தில் வரட்டும். இந்த 50-ஐ அடாப்டர் போட்டு அதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது சேர்த்துக்கொண்டிருப்பது 60 அங்குலக் குடைக்கு. இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கக் குடையைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளத் தள்ள 33 அங்குலம் சின்ன விளக்காகச் சுருங்கி, மூக்கு நிழல் கத்தி வெட்டியது மாதிரி விழுகிறது. பெரிய குடையைத் தாங்க ஸ்டாண்டுக்கு இன்னும் இரண்டு பாட்டில் தேவைப்படும்.