தூக்கிச் சாத்தும் கதவு

பெட்ரோல் பங்கில் ஒரு பழைய மாருதி 800. ஓட்டுநர் பக்கக் கதவை லேசாகத் தூக்கினால்தான் சாத்த முடிகிறது.

கீல் தேய்ந்துவிட்டது. பலரும் ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் பூட்டு கவ்விக்கொள்ள வண்டியின் தூணில் இருக்கும் கொக்கியை, கீழே இறக்கிச் சமாளிப்பார்கள். கதவு சாத்தும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

கதவைப் பாதி திறந்து நுனியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீலுக்குள்ளேயே ஆட்டம் இருந்தால் அதன் அச்சுக் கம்பியும் (பின்) அதைச் சுற்றிய வளையமும் (புஷ்) போய்விட்டன. கீல் உட்காரும் தகடே அசைந்தால் அது துரு. புதுக் கீல் வாங்கிப் பயனில்லை, டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

கீல் பற்றவைக்காமல் போல்ட்டால் மாட்டியது என்றால் வீட்டிலேயே மாற்றலாம். முந்தைய இரவே போல்ட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டுத் தலை வழுக்கினால் துளை போட்டு எடுக்கும் அவஸ்தை.

கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் கட்டை, மடித்த துணி. பழைய கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு.

ஒரு நேரத்தில் ஒரு கீல்தான். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் கதவு எங்கே நின்றது என்பதற்கு அடையாளமே இருக்காது.

புதுக் கீலை வைத்து போல்ட்டைப் பாதி இறுக்கி, ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுக் கதவை மெல்லச் சாத்துங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து ஏமாற்றும். பின்கதவோடு இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல வந்தபிறகு முழுசாக இறுக்கிவிட்டு, கடைசியில் ஸ்ட்ரைக்கரை மாட்டுங்கள்.