மாமாவின் இடப்பக்கம்

ஜனவரி 9, 2025

பக்கவாதம் வந்தவரிடமிருந்து என்ன போயிற்று, என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை ஸ்கேன் படம் சொல்லும். அவரே கையால் போடும் படமும் சொல்லும். இன்று மாலை அதைக் கண்ணால் பார்த்தேன்.

மாமாவுக்கு மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, வலது கையில் பழைய உறுதி அப்படியே இருக்கிறது. திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டும் பட்டறைகளில் லாரிக்குப் படமும் எழுத்தும் போட்டு வாழ்ந்த கை அது. சும்மா கிடக்க விடக்கூடாது என்று பள்ளியிலிருந்து ஒரு பலகையும் தாளும் கரித்துண்டும் எடுத்துப்போனேன்.

"என்ன போடட்டும் அம்மிணி?"

"புது வண்டிக்கு முதலில் எதைப் போடுவீர்களோ, அதையே போடுங்கள் மாமா."

அர்த்தநாரீசுவரரைப் போட்டார். மலைமேல் இருக்கும் எங்கள் ஊர்ச் சாமி. பாதி வேட்டி, பாதி சேலை. அம்மன் பாதி வளர்ந்துகொண்டே போயிற்று. தோடு, வளையல், சேலை மடிப்பு, சிலம்பில் ஒவ்வொரு முத்து. மூக்கின் நடுக்கோட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பார்க்கிற நமக்கு இடப்பக்கமாக வரவேண்டிய சிவன் பாதி வரவே இல்லை. சடை இல்லை, வேட்டி இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. வெறும் தாள்.

"முடிந்ததா மாமா?"

"முடிந்ததே. பார்த்தால் தெரியவில்லையா?"

சமையலறையிலிருந்து அத்தை மெதுவாகச் சொன்னார்: தட்டின் இடது ஓரத்தில் இட்லி இருக்கும்போதே, "இன்னும் ஒன்று வை" என்று கேட்கிறாராம். தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிட்டுவிடுகிறாராம்.

ஜனவரி 12

நரம்பியல் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். பார்வையில் பழுதில்லை என்றார். இடப்பக்கத்தைக் கண் பார்க்கிறது, மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வலப்பக்க மூளையின் மேல்பகுதி அடிபட்டவர்களிடம் இது அதிகம் காணப்படுமாம். இதைக் கண்டுபிடிக்கும் சோதனையே படம்தான்: கடிகாரம் வரையச் சொல்வார்கள், பூவைப் பார்த்துப் போடச் சொல்வார்கள், நீளக் கோட்டின் நடுவில் குறி வைக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே அடைத்துவிடுகிறவர்கள் உண்டு.

முதலில் சேர்த்திருந்த மருத்துவமனையில் இந்தச் சோதனை எதுவும் நடக்கவில்லை. வயது கேட்டார்கள், சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள், காப்பீட்டு அட்டை கேட்டார்கள். என்ன வேலை செய்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆறவே இல்லை. இத்தாலியில் பெர்னார்டினோ ராமாசினி என்ற மருத்துவர், தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: "நீ என்ன தொழில் செய்கிறாய்?" ஓவியர்களுக்கு வரும் நோய்களுக்கென்றே அந்த நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. வண்ணத்தில் கலக்கும் ஈயமும் பாதரசமும் அவர்களை என்ன செய்கின்றன என்று எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஒரு கேள்வி எங்கள் மாமாவின் படுக்கையருகே வரவில்லை.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

கொம்புக்கு வண்ணம் பூசுவது எப்போதும் மாமாவின் வேலை. இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்றார் அத்தை. மாமா கேட்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வயதான பசு, சாது. முன்னால் கொண்டுவந்து கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

வலப்பக்கம் தெரிந்த கொம்புக்கு அடியில் நீலம், நடுவில் மெல்லிய வெள்ளை வளையம், நுனியில் சிவப்பு. வளையத்தில் கொஞ்சமும் கோணல் இல்லை. பிரஷைத் துடைத்து வைத்துவிட்டு, "சலங்கையைக் கட்டுங்கள்" என்றார். மற்றக் கொம்பு சாம்பல் நிறத்திலேயே நின்றது. பேரன் சிரித்துவிட்டான். அத்தை அவனை உள்ளே அனுப்பினார். நான் மாமாவின் நாற்காலியை நகர்த்தி, அந்தக் கொம்பு அவருக்கு வலப்பக்கமாக வரும்படி செய்தேன். "அடடே, இது ஒன்று பாக்கியா?" என்று உடனே பிரஷைக் கையில் எடுத்தார்.

ராத்திரி அவருக்கு ஆன்டன் ரேடர்ஷைட்டைப் பற்றிச் சொன்னேன். கொலோன் நகரத்து ஓவியர். 1967-இல் அவருக்கும் இதே பக்கத்தில் பக்கவாதம். அதன்பின் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் வந்த படங்களில் முகத்தின் இடது பாதி காலி. மாதங்கள் போகப் போக ஒரு கண் வந்தது, கன்னம் வந்தது, தாளின் இடது ஓரம் வரை வண்ணம் எட்டியது. மூளை எப்படித் தேறுகிறது என்பதற்கு மருத்துவர்கள் இன்றும் அந்தப் படங்களை எடுத்துக் காட்டுகிறார்கள்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் அன்றைக்கு நான் போட்ட சாமி பாதிதானா?"

"ஆமாம் மாமா."

"நாளைக்கு அந்தத் தாளை எடுத்து வா."

ஜனவரி 21

பிசியோதெரபி செய்ய வரும் பெண் பெருந்துறைக்காரர். சின்ன வயது, நல்ல பொறுமை. பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புப் பட்டை போடச் சொன்னார். "சிவப்பு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்புங்கள் ஐயா. தெரிந்த பிறகுதான் பிரஷ் தொடங்கவேண்டும்." படிக்கவும் எழுதவும் பழக்க இந்த முறையைத்தான் கையாளுகிறார்களாம்.

சிவப்புப் பட்டையை மாமாவே போட்டுக்கொண்டார். நான் பலகையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். லாரி ஓரத்துக்கு லைனிங் இழுத்த கை. அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது.

படத்துக்கு முன் எழுத்து எழுதிப் பார்க்கலாம் என்றார். "திருச்செங்கோடு" என்று எழுதச் சொன்னோம். முதல் தடவை "கோடு" மட்டும் வந்தது, அதுவும் கொம்பில்லாமல், "காடு" என்று. எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்புகள் எல்லாமே உதிர்ந்துவிடுகின்றன. சிவப்பைத் தேடிப்பிடித்துத் தொடங்கியபோது "ருச்சங்கோடு" வந்தது. ஊர் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மாமா அதைப் படித்துப் பார்த்து, விட்டுப்போனதை அவரே கண்டுபிடித்தார். வீடு வந்ததிலிருந்து இதுதான் பெரிய சேதி.

வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்து, "பரவாயில்லை, பொழுது போகிறது" என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்கிறது. முக்கால் மணிநேரம் அவர் கழுத்தும் கண்ணும் மனமும் இடப்பக்கம் போய்ப் போய் வருகின்றன. வேர்த்துக் கொட்டுகிறது. கடும் உழைப்பு அது.

ஜனவரி 28

அத்தைக்குக் கண்புரை முற்றிவிட்டது, அறுவைக்கு நாள் குறித்திருக்கிறோம். மாமா வரைந்த சேலையின் வெளிர் நீலத்தைப் பழுப்பு என்றார். ஓவியர் மோனேவுக்கும் இப்படித்தான் ஆயிற்று. 1912-இல் அவருக்குக் கண்புரை என்று சொன்னார்கள். அதன்பின் அவருடைய தோட்டத்துப் பாலமும் குளமும் சிவப்பிலும் பழுப்பிலும் மூழ்கின. வண்ணக் குழாய்களில் எழுதியிருக்கும் பெயரை நம்பித்தான் நிறம் எடுத்தார். 1923-இல், எண்பத்திரண்டு வயதில், வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். அதன்பின் எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிந்து திணறி, நிறம் போட்ட கண்ணாடி அணிந்தார். அத்தை இதைக் கேட்டுவிட்டு, "எனக்கு நீலம் தெரிந்தால் போதும்" என்றார்.

பிப்ரவரி 5

ஒரு வேலையாகப் பெருந்துறை போனேன். இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது சானடோரியம்தான். காசநோய்க்கு அங்கே போய்ப் படுத்த குடும்பங்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ. மாமாவின் அப்பா, என் அப்பிச்சி, அங்கேதான் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார் என்று மாமா சொல்வார்.

கூரையைப் பார்த்துக் கிடக்கப் பிடிக்காமல்தான் ஏட்ரியன் ஹில் வரையத் தொடங்கினார். ஆங்கில ஓவியர். 1938-இல் காசநோயோடு மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் கிடந்தபோது, கட்டிலருகே இருந்த பொருள்களை வரைந்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்கள் வாயால் சொல்லமுடியாததையெல்லாம் தாளில் இறக்கியதைப் பார்த்தார். இதைக் கலைவழிச் சிகிச்சை என்று 1942-இல் பெயரிட்டு அழைத்தவர் அவர்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே பலமுள்ளவை இல்லை. சிறிய ஆய்வுகளும் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரு பொது மருத்துவமனை வார்டில் தாளும் பென்சிலும் வைக்க இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? பிசியோதெரபிக்கு ஓர் அறை இருக்கிறதே, அதன் மூலையில் ஒரு மேசை போதும்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

மோசமான நாள். விடியற்காலையிலேயே தெருவில் காவடிக் கூட்டம், மேளச் சத்தம். ஆண்டுதோறும் பழனிக்கு நடந்தே போகிறவர் கட்டிலில் கிடக்கிறார். பலகையை வைத்ததும் பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டார். "எதற்கு அம்மிணி இந்தப் பாதிப் பிழைப்பு?" என்று அழுதார். மாமா அழுது நான் பார்த்ததில்லை.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மருத்துவரிடம் சொன்னோம், மாத்திரை எழுதிக் கொடுத்தார். படம் வரைந்தால் மாத்திரை வேண்டியதில்லை என்று உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். அங்கேயே மறுத்துச் சொன்னேன். இரத்த அழுத்த மாத்திரைக்கும் மனச்சோர்வு மாத்திரைக்கும் பதிலாகத் தூரிகையை வைக்கிறவர்கள் நோயாளிக்குக் கேடு செய்கிறார்கள்.

பிப்ரவரி 19

மாமாவின் பழைய பட்டறைக்குப் போனேன். மூன்று பையன்கள் ஒரு பழைய லாரியின் பெயிண்டை உப்புத்தாளால் காயக் காயத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் சிவப்புமாகத் தூசி அவர்கள் இமையில் படிந்திருந்தது. ஒருவன் அந்தக் கையோடு பஜ்ஜி தின்றான். இன்னொருவன் பிரஷின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினான். மாமாவும் அப்படித்தான் கூராக்குவார். சின்ன வயதில் பார்த்து வியந்திருக்கிறேன்.

பழைய மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பளபளப்பு கொடுத்தது பெரும்பாலும் ஈயக் குரோமேட். ஈயம் உடம்பில் சேர்ந்தால் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். இரத்த அழுத்தம்தான் பக்கவாதத்துக்குத் தலையாய காரணம். மாமாவுக்கு இதனால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். பீடியும் உண்டு, ராத்திரி வேலையும் உண்டு. ஆனால் ஒருமுறையாவது அவர் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று யாராவது பார்த்திருக்க வேண்டாமா?

வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. லாரிக்கு அடிக்கும் பெயிண்ட் அந்த விதியின் தலைப்பிலேயே இல்லை. தின்னரில் உள்ள டொலுயீன் நரம்பைத் தாக்கும். அதில்தான் கையும் முகமும் கழுவுகிறார்கள்.

பட்டறைக்காரரிடம் பேசினேன். ஈரத்தில் தேய்க்கும் வாட்டர் பேப்பர், முகமூடி, கையுறை, தின்னருக்குப் பதில் சோப்பு, சாப்பாட்டுக்குத் தனி இடம். செலவு அதிகமில்லை. "மாமா வந்து சொன்னால் பையன்கள் கேட்பார்கள்" என்றார்.

மார்ச் 2

மாமா அர்த்தநாரீசுவரரை முடித்துவிட்டார். பிளைவுட் பலகை, ஈயமில்லாத பெயிண்ட், இடது ஓரத்தில் அதே சிவப்புப் பட்டை. இந்த முறை சிவன் பாதியில்தான் தொடங்கினார். பட்டையைப் பார்ப்பது, ஒரு கோடு இழுப்பது, மறுபடி பட்டையைப் பார்ப்பது. சடை வந்தது, குழை வந்தது, வேட்டிக்கரை வந்தது. அம்மன் பக்கத்தைவிடச் சற்று ஒடுங்கித்தான் இருக்கிறார் சிவன். தோளில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. நான் தொடவில்லை. தாமே ஒருநாள் பார்த்துவிடுவார் என்கிறார் பிசியோதெரபிப் பெண்.

பட்டறைக்கு அழைத்துப்போனோம். பையன்களிடம் மாமா தம் இடது கையைத் தூக்கிக் காட்டினார், கையுறையைப் பற்றிச் சொன்னார், பிரஷை வாயில் வைப்பவனுக்கு எழுத்துச் சொல்லித்தரமாட்டேன் என்றார். கேட்டுக்கொண்டார்கள்.

பிசியோதெரபிப் பெண் இன்னும் இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திண்ணைக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் பக்கவாதம்தான். என்ன தொழில் என்று முதலில் கேட்டேன். ஒருவர் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம். அவருக்கு என்ன கொடுப்பது என்று அவரையே கேட்கவேண்டும். மற்றவர் சேலைக்கு டிசைன் போட்டவர், விசைத்தறி வைத்திருந்தவர். அவருக்குக் கரித்துண்டு வேண்டாம், கட்டம் போட்ட கிராஃப் தாள்தான் வேண்டும். பெரிய அளவில் ஈரோட்டில் கிடைக்கிறதாம். நாளை பள்ளி விட்டதும் பஸ் ஏறவேண்டும்.