25 இலக்க எண் ஒன்றை வகுத்துப் பார்த்தேன்

3608528850368400786036725. இடப்பக்கத்திலிருந்து இதில் எத்தனை இலக்கங்களை வெட்டி எடுத்தாலும், அந்த எண்ணிக்கையால் துண்டு மீதியில்லாமல் வகுபடும். 36 இரண்டால், 360 மூன்றால், 3608 நான்கால் என்று கடைசிவரை. நம்ப முடியவில்லை, அதனால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதல் பன்னிரண்டு படிகள் சிரமமே இல்லை. 7-க்கு மட்டும் உண்மையாக வகுக்க வேண்டியிருந்தது: 3608528 = 7 × 515504. மற்றதற்கெல்லாம் பள்ளியில் படித்த குறுக்குவழிகளே போதும்.

13-இல்தான் வேலை ஆரம்பித்தது. 1001 என்பது 7 × 11 × 13. அதனால் எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும். 3|608|528|850|368 என்று பிரித்தேன். 368 − 850 + 528 − 608 + 3 = −559. அது 13 × 43, குறிதான் எதிர்மறை. அதே வழியில் 14, 21 இரண்டும் முடிந்தன.

17, 19, 23 மூன்றுக்கும் குறுக்குவழி தேடிப் பயனில்லை என்று நீள்வகுத்தலில் இறங்கினேன். 17-க்கு மீதி 8 வந்தது. எண்ணே தப்போ என்று ஒரு நிமிடம் சந்தோஷம்கூடப் பட்டேன்! பார்த்தால் 84007 என்பதை 8407 என்று எழுதியிருக்கிறேன். விட்டுப்போன பூஜ்ஜியத்தைச் சேர்த்ததும் மீதி 0.

அடுத்த நாள், இப்படிப்பட்ட எண்கள் மொத்தம் எத்தனை என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். 1 முதல் 9 வரை தொடங்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் 0 முதல் 9 வரை ஒட்டிப் பார்த்து, வகுபடுவதை மட்டும் வைத்துக்கொள்வது. 20 இலக்கம் வந்ததும் எதிர்மறை எண்களாகக் கொட்டியது. கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் இடத்தில் அவ்வளவு பெரிய எண் அடங்காது, அதை நான்தான் யோசித்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் ஏற்கும் பைத்தான் நிரல்மொழியில் மாற்றி எழுதியதும் சரியாகிவிட்டது.

மொத்தம் 20456. என்னை நிறுத்தியது வேறொன்று: 9 இலக்கத்தில் 2492, 10 இலக்கத்திலும் அதே 2492. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பத்தால் வகுபட வேண்டுமென்றால் 0 ஒன்றைத்தான் ஒட்ட முடியும். ஆக, ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு வாரிசு. அதற்கு முன் ஒன்றிலிருந்து சில சமயம் இரண்டு, மூன்று கிளைத்தன. 11 முதல் ஒன்று அல்லது ஒன்றுமில்லை. 23 இலக்கத்தில் 6, 24-இல் 3, 25-இல் இது மட்டும்.

எண்ணிக்கையை முன்கூட்டியே ஊகிக்கவும் முடிகிறது. n-ஆம் படியில் சராசரியாக 10/n தேறும் என்று வைத்து 9 இலக்கத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 2480 வருகிறது. 25-க்கு 0.58 தான். ஒன்று இருந்ததே அதிர்ஷ்டம்.

26-ஐயும் கையால் பார்த்துவிட்டேன். நம் எண்ணை 26-ஆல் வகுத்தால் மீதி 9. பின்னால் ஒரு 0 ஒட்டினால் மீதி 12 ஆகிறது. அதைச் சரிக்கட்ட அந்த இடத்தில் 14 வேண்டும். 14 என்று ஓர் இலக்கம் இல்லையே!