இஞ்சி வாடலும் புல்தைலமும்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

ஏப்ரல் 6

பந்தலூர் வட்டத்தில், வயநாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சரிவு நிலத்தில், சென்ற ஆண்டு இஞ்சி வாடிப்போன மூன்று சென்டை இன்று கொத்திப் பார்த்தேன். அப்போது ஆடி மழையில் இலைகள் சுருண்டு மஞ்சளாகி, இழுத்த மாத்திரத்தில் தண்டு கையோடு வந்துவிட்டது. வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் நீரில் நிறுத்தியதும் பால்போல் இழையிழையாக இறங்கியதால், இது பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் கிழங்கு அழுகல் அன்று, ரால்ஸ்டோனியா பாக்டீரியாவின் வாடல் என்று தெரிந்துகொண்டேன். அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். வயநாட்டு விவசாயிகள் குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் புது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று சென்ட்காரன் எங்கே போவது?

ஏப்ரல் 8

ஹவாயில் இஞ்சி வாடலைக் குறித்துச் செய்யப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், நோய்க்கிருமி கலந்த தொட்டி மண்ணில் 0.07 சதவீத அளவில் எலுமிச்சைப்புல் தைலத்தைச் சேர்த்தபின் அக்கிருமி தென்படவில்லை. அதே அளவைப் பின்பற்றினேன். நோய்ப்பட்ட மண்ணைப் பத்து லிட்டர் வீதம் 22 குரோ பேக்குகளில் நிரப்பி, 12 பைகளுக்கு மட்டும் பைக்கு 7 மில்லி புல்தைலம் ஊற்றினேன். தைலம் நீரோடு சேராது என்பதால் காதி சோப்புக் கரைசலில் பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்கவேண்டியிருந்தது. இத்தைலத்தின் பெரும்பகுதியான சிட்ரால் கிருமியின் உயிரணு உறையைக் குலைக்கிறது. ஆனால் அது ஆவியாகிப் பறந்துவிடும் பொருள். ஆகவே பைகளின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டினேன். மாலை வரை கையில் அந்த மணம் போகவில்லை.

ஏப்ரல் 22

ஏழு நாள் மூடி, ஏழு நாள் திறந்து ஆறவிட்ட பத்துப் பைகளிலும், தைலம் இடாத பத்திலும் முளைகட்டிய விதை இஞ்சியை நட்டேன். மீதி இரண்டில் பொறுமையின்றி மூன்றாம் நாளே நட்டிருந்தேன். அவற்றின் முளைநுனிகள் கருகிவிட்டன. கிருமியைக் கொல்லும் வீரியம் முளையையும் விட்டுவைக்காது. இதே காரணத்தால் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரத்தையும் மணம் அடங்கிய பிறகே இட்டேன்.

மே 5

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்ட் நிலத்தின் மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 6 கன மீட்டர். அதில் 0.07 சதவீதம் என்றால் 4 லிட்டருக்கு மேல் தைலம் வேண்டும்; நூறு கிலோ பச்சைப் புல்லில் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே தைலம் இறங்குவதால், ஒரு சென்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் புல்லைக் காய்ச்சவேண்டும். ஏக்கருக்கு 400 லிட்டரைத் தாண்டும். நிலத்தை விற்றுத்தான் அந்த நிலத்துக்கு வைத்தியம் பார்க்கவேண்டும்.

ஜூலை 19

தைலம் இடாத பத்தில் ஏழும், இட்ட பத்தில் இரண்டும் வாடின. டம்ளர் சோதனையில் ஒன்பதும் பால் இறக்கின. அந்த இரண்டுக்கும் நோய் விதைக் கிழங்கிலிருந்தே வந்ததா, தைலம் எட்டாத மண்கட்டியில் கிருமி பிழைத்திருந்ததா என்பதை இந்தச் சோதனையால் பிரித்தறிய முடியாது.

பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் வந்து பார்த்துவிட்டு, தைலம் இட்டதில் நலமாக நிற்கும் எட்டையும் விதைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். இலை பச்சையாக இருந்தாலும் கிழங்கில் கிருமி ஒளிந்திருக்கலாம், அவை சமையலுக்குத்தான். அடுத்த பருவத்தில் நோயில்லாத நிலத்தின் விதையை வாங்கி, ஒற்றை முளையாக நறுக்கிக் குழித்தட்டில் வளர்த்து, தைலமிட்டு ஆறவைத்த பைகளுக்கு மாற்றப்போகிறேன். பைகளைச் சரிவின் மேற்புறத்தில், அந்த மூன்று சென்டின் மழைநீர் எட்டாத இடத்தில் வைப்பதற்காக இன்று மேடு கட்டத் தொடங்கினேன். கீழே அந்த மூன்று சென்டில் இனி இஞ்சிக்குப் பதில் மக்காச்சோளம்.