இருபது வளைவு, இருபது வார்த்தை

வீடு சேலம், வேலை ஏற்காடு. மலையேறுகிற பஸ்ஸில் போனைக் குனிந்து பார்த்தால் மூன்றாவது வளைவிலேயே காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்துவிடும். அதனால் இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு வார்த்தை. (அப்புறம்தான் தெரிந்தது, இடத்தோடு சேர்த்து ஞாபகம் வைக்கிற இந்த வித்தை பழைய ரோமானியப் பேச்சாளர்களுக்கே அத்துப்படியாம். சரி, அவர்களுக்கு வாந்தி வந்திருக்காது.)

பன்னிரண்டாவது வளைவு 'டிஃபெனஸ்ட்ரேஷன்'. ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போடுவது என்று அர்த்தம், அதற்கென்று தனியாக ஒரு வார்த்தை! 1618-ல் பிராக் கோட்டையில் மூன்று பேரை அப்படி வீசினார்கள், மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அதிலிருந்து பற்றிக்கொண்ட சண்டை முப்பது வருஷம் ஓடியது. இதையெல்லாம் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, முன் சீட்டுப் பையன் தின்ற தட்டுவடை செட் அத்தனையையும் ஜன்னல் வழியாக டிஃபெனஸ்ட்ரேட் செய்தான். அது காற்றில் திரும்பி என் சட்டைக்கு வந்தது. அந்த வார்த்தை எனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது.

பக்கத்து சீட்டு அம்மா ரொம்ப நேரமாக என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "மந்திரம் சொல்லி நிக்காது கண்ணு, இந்தா, இத மோந்து பாரு" என்று மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் சேலத்திலேயே ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. உங்களைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரிடமும் ஒட்டிப் பழகுகிறவன் என்று சொல்ல வேண்டும். வார்த்தை ஆறாவது வளைவில் இருக்கிறது, ஆனால் எனக்கு அடிவாரத்திலிருந்து ஏறினால்தான் ஞாபகம் வரும். கண்ணை மூடி ஏற ஆரம்பித்தேன். வளைவுக்கு வளைவு உடம்பு வேறு லேசாகச் சாய்ந்திருக்கிறது போல, ஒருவர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். அரை நிமிஷம் ஏறி, ஆறில் நிற்காமல் ஏழில் போய் இறங்கிவிட்டேன்.

'கிரிகேரியஸ்' என்பதற்குப் பதிலாக, "ஐ ஆம் கேருலஸ், சார்" என்றேன். ஓயாமல் வாயடிக்கிறவன் என்று அர்த்தம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படித் தெரியலையே தம்பி."