ஒரு மணி நேரமா, இரண்டு நாளா? பழைய இரும்பு நாற்காலிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்த கதை

பெயின்ட் அடித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. வேலை முடியப் பத்து நாள் ஆனது. அதில் நான்கு நாள் என் முட்டாள்தனத்துக்குப் போனது.

யாரோ வேண்டாமென்று கழித்த இரண்டு மடக்கு நாற்காலிகளும் ஒரு சின்ன வட்ட மேசையும் வாங்கினேன். எல்லாம் இரும்பு. பச்சைப் பெயின்ட் பொரிந்து, கால்களின் அடியில் துரு ஏறியிருந்தது. வாங்கும்போது செய்த ஒரே புத்திசாலித்தனம், துருப்பிடித்த இடங்களை ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்தது. டக்கென்று நின்றால் மேல் துருதான், தேய்த்தால் போய்விடும். பொதக்கென்று உள்ளே இறங்கினால் குழாயே அரித்துப் போயிருக்கிறது. அதற்கு வெல்டிங்தான், பெயின்ட் உதவாது.

கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்தேன். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, கடைசியில் 320. பழைய பெயின்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. கெட்டியாக ஒட்டியிருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். பளபளப்பு மட்டும் போக வேண்டும், பெயின்ட் முடிகிற விளிம்பு விரலில் தட்டக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால், பார்வைக்குத் தப்பிய மேடெல்லாம் கைக்குத் தெரியும். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், முகமூடி போட்டுக்கொண்டு, மகளை அருகில் விடாமல். அதில் ஒரு சங்கடம் உண்டு. ஈரம் பட்ட வெற்று இரும்பு கொஞ்ச நேரத்திலேயே செம்மஞ்சளாகப் பூக்கத் தொடங்கிவிடும். உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, தின்னர் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்து, அன்றே துருத் தடுப்பு பிரைமரை, அதாவது கலருக்கு அடியில் போகும் முதல் பூச்சை, அடித்துவிட வேண்டும்.

அடித்தேன். மடக்கும் இடத்தில் மட்டும் பிரைமர் ஒட்டாமல் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி, நடுவில் இரும்பு எட்டிப் பார்த்தது. கிறீச்சிடுகிறதே என்று தொடக்கத்திலேயே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தேன்! எண்ணெய் எல்லாம் முடிந்த பிறகு விட வேண்டியது. துடைத்து, தேய்த்து, மறுபடி அடித்தேன்.

கலருக்கு வருவோம். கேனைக் குலுக்கினால் உள்ளே குண்டு கடகடக்கும். அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம், சுமார் 25 செ.மீ. நாற்காலிக்கு வெளியே காற்றில் அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கையை நகர்த்தி, மறுபக்கம் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் கோட்டுக்குப் பிறகும் அடியில் இருக்கும் பிரைமர் தெரிந்தால் சரியாக அடித்திருக்கிறோம் என்று அர்த்தம். ஒரேயடியாக மூட நினைத்தால் வழிந்துவிடும்.

முதல் கோட் காலையில் அடித்தேன். மதியம் தொட்டால் கையில் ஒட்டவில்லை. இன்னும் நன்றாகக் காயட்டும் என்று மாலை வரை, ஆறு மணி நேரம் பொறுமையாக இருந்து இரண்டாவது கோட் அடித்தேன். சற்று நேரத்தில் இருக்கை நெளிய ஆரம்பித்தது. தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல் நுனி போல மேலெல்லாம் சுருக்கம்.

"அப்பா, தோல் உரியுது" என்றாள் மகள், வாசலில் நின்றபடியே.

அப்போதுதான் கேனின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து. முதல் ஒரு மணி நேரத்தில் கீழ்க் கோட் முழுக்க இளகியே இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டு நாள் ஆனால் அது இறுகிவிடும், புதுப் பெயின்டை அசட்டை செய்துவிடும். இடைப்பட்ட நேரத்தில்தான் ஆபத்து. மேலே ஆடை கட்டியிருக்கும், அடியில் இன்னும் காயாமல் இருக்கும். புதுப் பெயின்டின் கரைப்பான் உள்ளே இறங்கி அந்த ஆடையை உப்ப வைத்து நெளித்துவிடும். அவசரக்காரனும் தப்பிக்கிறான், சோம்பேறியும் தப்பிக்கிறான். பொறுப்பாகக் காத்திருந்த நான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கணக்கு கேனுக்குக் கேன் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுருங்கியதை அன்றே தேய்க்கப் போனேன். உப்புத்தாளில் கம் மாதிரி அப்பிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு நாள் விட்டுத் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மறுபடி பிரைமர், அது காய்ந்ததும் மெல்லிய மூன்று கோட், பத்துப் பத்து நிமிட இடைவெளியில். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்திவைத்ததால் நாசில் அடைக்கவே இல்லை. அது ஒன்றுதான் முதலிலேயே சரியாகச் செய்தது.

நாற்காலிகள் இப்போது கருநீலம். மேசையும் நன்றாகவே வந்தது. ஆனால் மூன்றாம் நாள், காய்ந்துவிட்டதென்று நினைத்து மகள் அதன்மேல் நோட்டுகளை அடுக்கிவிட்டாள். தொட்டால் ஒட்டாத பெயின்ட், எடை தாங்கும் அளவுக்கு இறுக ஒரு வாரமாவது ஆகும். நோட்டை எடுத்தபோது அட்டையின் மூலை அப்படியே பதிந்திருந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு பூந்தொட்டி நிற்கிறது.